நெருக்கடிக் கணக்கு: டெல்டா கிளைகள் ஊரளவில் எடுப்பது எப்படி

பொருளாதார நெருக்கடி நம் ஊருக்குள் பங்குச்சந்தைச் செய்தியாக வருவதில்லை. திருப்பூரில் இருக்கும் பையன் இரண்டு மாதமாகப் பணம் போடவில்லை. குழு லோனை (பெண்கள் குழுவுக்குக் கொடுக்கும் நுண்கடனை) புதுப்பித்துத் தர மறுத்துவிட்டார்கள். நூறுநாள் வேலைப் பணம் ஏறவில்லை. நடவுக்கு ஆள் போதும் என்று கொத்துக்கார அம்மா (வேலைக்கு ஆள் சேர்ப்பவர்) சொல்லிவிட்டார். இப்படி நாலு வீட்டில் நாலு வழியாக நுழையும். நாலு வீடும் நாலு காரணம் சொல்லும்: ஒருவருக்குத் தலையெழுத்து, ஒருவருக்கு வடக்கத்தி ஆள், ஒருவருக்கு மருமகளின் ஊதாரித்தனம், ஒருவருக்குக் கர்நாடகம்.

நெருக்கடி முற்றினால் உழைக்கிற சனம் தானாக விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் சங்கக் கிளைகள் உண்டு. அப்படி எங்கும் நடந்ததில்லை. பாதிப்பு எங்கிருந்து வருகிறது என்று யார் முதலில் முகவரி சொல்கிறார்களோ, ஊர் அவர்கள் பின்னால் போகும். அந்த முகவரியைக் கணக்கோடு சொல்வதற்கான வழிதான் இது. சுமார் 150 வீடுள்ள ஒரு விவசாயத் தொழிலாளர் தெருவை மனதில் வைத்து எழுதியது. ஆறு பேர், மூன்று வாரம், இரண்டு நீள நோட்டு, இரண்டு நிறப் பேனா போதும்.

முதலில் நீரையும் பணத்தையும் பிரியுங்கள்

டெல்டாவில் எல்லாக் கஷ்டமும் கடைசியில் மேட்டூரில் போய் முட்டும். அது பாதி உண்மை. அந்தப் பாதிக்குள் மற்றப் பாதி ஒளிந்துகொள்கிறது. அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் அணை திறந்த தேதியை எழுதுங்கள். வழக்கமான நாள் ஜூன் 12. 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அந்த ஆண்டு குறுவை நடவு நாள் குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் நீர். 2025இல் ஜூன் 12க்கே தண்ணீர் வந்தது. அந்த ஆண்டும் நடவு நாள் கூடவில்லை என்று ஒரு வீடு சொன்னால், மேட்டூரை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். நேரடி விதைப்பா, நடவு இயந்திரமா, வெளி ஆளா, நிலம் தரிசாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். நீரால் வந்த இழப்பை நீல மையிலும், பணத்தாலோ சந்தையாலோ வந்ததைச் சிவப்பிலும் எழுதுங்கள்.

இரண்டும் சேர்ந்து வரும் ஆண்டில்தான் குழப்பம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரே வாரத்தில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டு வாங்கவும் தடை வந்தது. பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் அந்தக் கூட்டுறவையே நம்பியிருக்கும் பகுதி இது. சம்பாவுக்கு உரம் போட்டுக் களை பறிக்க வேண்டிய நேரத்தில் கூலி கொடுக்கத் தாள் இல்லை. ஆனால் அந்த ஆண்டைப் பற்றி ஊரில் கேட்டால் இன்றும் வறட்சி என்று மட்டும்தான் பதில் வரும். சிவப்பு மை இல்லாததன் விளைவு.

எப்போது, எந்த வீட்டில், யார் போவது

அறுப்புக் காலத்தில் போகாதீர்கள். பங்குனி, சித்திரையில் கைவேலை ஓய்ந்திருக்கும்போதோ, சம்பா நடவு முடிந்த மறுவாரமோ நல்லது. 150 வீட்டையும் எடுக்க வேண்டியதில்லை. தெருவின் முதல் முனையிலிருந்து நாலு வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போனால் 37, 38 வீடு வரும். சங்க உறுப்பினர் வீடுகளாகப் பொறுக்கினால் கணக்கு செல்லாது. கூட்டத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

இருவராகப் போங்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். கடன் அநேகமாகப் பெண்கள் பெயரில் இருக்கிறது. அதில் பாதி வீட்டு ஆம்பளைக்குத் தெரியாது. மாலை ஏழு மணிக்கு மேல், திண்ணையில் உட்காராமல், உள்ளே போய்ப் பேச வேண்டும். குழு வசூல் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு அன்று அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள். பெயர் எழுத வேண்டாம். வீட்டுக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கான பட்டியல் ஒரே ஆளிடம். கணக்கு நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

வேலை நாள்

"வருசத்துல எத்தனை நாள் வேலை?" என்று கேட்டால் "எங்க வேலை?" என்றுதான் பதில் வரும். வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: நாற்றுப் பறி, நடவு, முதல் களை, மறு களை, அறுப்பு, வைக்கோல், உளுந்து பயறு பறிப்பு, பருத்தி, கட்டட வேலை. ஒவ்வொன்றுக்கும் நாள். ஆடிப்பெருக்குக்கு முன்னா, தீபாவளிக்கு முன்னா, பொங்கலுக்குப் பின்னா என்று பிடித்துக்கொண்டால் நினைவு சரியாக வரும். நடவு கையாலா இயந்திரத்தாலா, அறுப்பு இயந்திரம் பெல்ட் வண்டியா டயர் வண்டியா, எந்த ஆண்டு முதல் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆண், பெண் நாட்களைச் சேர்க்காதீர்கள். இயந்திரம் முதலில் தின்றது பெண்களின் நாளை. கூட்டினால் அது மறைந்துவிடும்.

நூறுநாள் வேலைக்கு மூன்று எண் தேவை: அட்டையில் பதிந்த நாள், இணையத்தில் காட்டும் நாள், வங்கிப் புத்தகத்தில் ஏறிய பணம். மூன்றும் ஒத்துப்போகும் வீடு குறைவுதான். தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 2024-25இல் 319 ரூபாய், 2025-26இல் 336. இது அளவு வேலை முடித்தால் கிடைக்கும் கூலி. வாய்க்கால் வெட்டில் அளந்து குறைத்துப் போடுவது வேறு, வந்த பணம் தாமதமாவது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள், ஏனென்றால் மனு போகும் இடம் வேறு.

நூறுநாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தால் மாற்றியது. 100 நாள் 125 ஆனது. மாநிலம் செலவில் 40 சதவீதம் ஏற்க வேண்டும். விதைப்பு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். இந்த 60 நாள் நமக்கு ஏன் முக்கியம் என்பது கோரிக்கை பற்றிய பகுதியில் வரும்.

கூலியை ரூபாயில் அளக்காதீர்கள்

அரிசியில் அளங்கள். ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது என்பதால் அதை எடுக்கக் கூடாது. ஊர்க் கடையில் கிலோவாக வாங்கும் சாதாரண அரிசியின் விலை. மாதிரிக்கு: போன வருசம் நடவுக் கூலி 350, அரிசி 56 என்றால் 6.25 கிலோ. இந்த வருசம் கூலி 370, அரிசி 64 என்றால் 5.78 கிலோ. இருபது ரூபாய் ஏற்றிக் கொடுத்ததாகச் சொல்லும் கூலி அரைக் கிலோ இறங்கியிருக்கிறது. கூட்டத்தில் இந்த ஒரு வரி போதும். விலைவாசிக் குறியீட்டெண் பற்றி யாரும் பேச வேண்டாம்.

ரேஷன் அரிசி வயிற்றைக் காக்கிறது, கூலி விழுந்ததையும் மறைக்கிறது. அதனால் அரிசி இல்லாத ஒரு வாரச் சாமான் பட்டியலும் தேவை: எண்ணெய் ஒரு லிட்டர், துவரம்பருப்பு அரைக் கிலோ, புளி, மிளகாய், டீத்தூள், சோப்பு, மீன் ஒரு தடவை, ஆண்களின் பஸ் காசு, மாத சிலிண்டர் விலையில் கால் பங்கு. இந்தப் பட்டியலுக்கு எத்தனை நாள் கூலி போகிறது என்று பாருங்கள். சாமானின் அளவை ஆண்டுக்கு ஆண்டு மாற்றக் கூடாது.

காண்ட்ராக்ட் நடவாக இருந்தால் ஏக்கர் தொகையை ஆளால் வகுங்கள். 5,200 ரூபாய்க்கு 13 பேர் ஒரே நாளில் முடித்தால் ஆளுக்கு 400. அதே தொகைக்கு ஒன்றரை நாள் பிடித்தால் நாளுக்கு 266 சொச்சம். "நானூறு ரூபாய் கூலி" என்று விவசாயி சொல்வதும், "முன்னூறு கூடத் தேறலை" என்று அம்மா சொல்வதும் இரண்டுமே பொய்யில்லை. மா கணக்கில் பேசும் ஊரில் முதலில் ஏக்கராக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேலி 20 மா. மூன்று மா சுமார் ஒரு ஏக்கர்.

கடன்

இந்தப் பக்கம்தான் கனமானது. ஒவ்வொரு கடனுக்கும் எழுத வேண்டியவை: குழுவா, அடகா, கூட்டுறவா, தண்டலா, கையெழுத்துப் போட்ட தொகை, பிடித்தம் போகக் கையில் வந்தது, தவணை, அது வாரமா பதினைந்து நாளா மாதமா, இன்னும் எத்தனை பாக்கி, எதற்கு வாங்கியது. கடைசிக் கேள்விக்கு "வீட்டுச் செலவு" என்பார்கள். அங்கே நிறுத்திவிடாமல், "இதை வாங்கி வேறு தவணை கட்டினீங்களாக்கா?" என்று மெதுவாகக் கேளுங்கள். ஆம் என்று சொல்லும் வீடுகளின் எண்ணிக்கைதான் ஊரில் நெருக்கடி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல்.

பிறகு ஒரு வகுத்தல். மாதத் தவணை எல்லாம் 2,400, 1,950, 3,100 என்று கூட்டினால் 7,450. வீட்டு வருமானம் 14,000. அப்படியானால் 53 சதவீதம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள வீட்டுக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது நுண்கடன். அந்த வீட்டின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொடர்புகொள்ளக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாட்டிலும் 2025இல் சட்டம் வந்திருக்கிறது. பாதியைத் தாண்டிய வீடுகளைத் தனியே எண்ணி வையுங்கள். "வாங்கத் தெரிஞ்சவங்களுக்குக் கட்டத் தெரியாதா" என்று கேட்பவருக்கு, கொடுத்தவரே விதியை மீறியிருக்கிறார் என்று காட்டும் எண் அது. வருமானத்தைக் கூட்டி எழுதித்தான் கடன் போட்டிருப்பார்கள். கடன் அட்டையில் எழுதிய வருமானத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கிளை அவசரப்பட்டு "யாரும் கட்டாதீங்க" என்று அறிவித்துவிடும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை உட்காரவைத்து நெருக்குவார்கள். ஒரே வாரத்தில் சண்டை பெண்களுக்கு நடுவே திரும்பிவிடும். குழு முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்து, பாதியைத் தாண்டிய வீடுகளுக்குத் தவணையை நீட்டித்துத் தரச் சொல்லிக் கூட்டாகக் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மனு நகலில் பெற்ற தேதியும் முத்திரையும் வாங்காமல் வராதீர்கள்.

வெளியூர்ப் பணம்

யார் எங்கே, மாதம் எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு, திரும்பி வந்தவர் உண்டா. இவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அடி வாங்கியவை திருப்பூர்ப் பின்னலாடையும் இறால் ஏற்றுமதியும். நாகை, திருவாரூர்ப் பக்கம் இரண்டுக்கும் ஆள் போகிறது. தேதியைக் குறித்துக்கொண்டு பணம் குறைந்த மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

சங்கிலி போடுவது

இனி சார்ட் பேப்பர். தெருவின் எண்களை எழுதிவிட்டு, ஒரே ஒரு வீட்டை (எண்ணாக மட்டும்) எடுத்து அம்புக்குறி போடுங்கள். திருப்பூரில் ஆர்டர் நின்றது, பையன் வீடு வந்தான், தவணை தவறியது, அம்மா 350 கேட்ட இடத்தில் 300க்கு நாற்றுக் கட்டைத் தூக்கினாள், மறுநாள் பக்கத்து வீட்டுக்காரிக்கும் 300 ஆனது. இந்த அம்மாமேல் கோபப்பட்டு என்ன பயன் என்று அங்கேயே கேளுங்கள். சங்கிலியின் மேல் முனையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி தானாக வரும்.

அப்போதுதான் கொள்கை பேசலாம், அதுவும் இருபது நிமிடம். பஞ்சத்தில் பொருள் இல்லாமல் பட்டினி. முதலாளித்துவ நெருக்கடியில் பொருள் விற்காமல் பட்டினி. லாபத்துக்காகக் கூலியைக் குறைத்தார்கள், கூலி குறைந்ததால் வாங்க ஆளில்லை, நடுவே கடன் கொடுத்து வாங்கவைத்தார்கள், ஒரு நாள் கடனும் நின்றது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பின் தஞ்சையில் வயல் விளையாமல் போகவில்லை. நெல் விலை விழுந்தது, பணமாகக் கட்ட வேண்டிய கிஸ்தி (நிலவரி) விழவில்லை. மிராசுதார் அந்தச் சுமையைப் பண்ணையாள் தலையில் இறக்கினார். அதே நேரம் ரப்பர் விலை சரிந்து, 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலேயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழர்கள். இன்று திருப்பூர் பஸ்ஸில் வருகிறவனின் தாத்தா அன்று நாகப்பட்டினத்தில் இறங்கியிருக்கலாம்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த முப்பதுகளில் இங்கே பண்ணையாட்கள் எழுச்சி வரவில்லை. மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது 1943இல், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்த பிறகு. அது போர்க்காலம், நெல்லுக்கு நல்ல விலை, மிராசுதாருக்கு ஆள் தேவை. சவுக்கடியையும் சாணிப்பாலையும் (சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் தண்டனை) நிறுத்தும் பலம் அப்போது கிடைத்தது. அதற்கு நேர்மாறாக 1928இல் நாகப்பட்டினம் ரயில்வே பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பு செய்தபோது தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், போராட்டம் தோற்றது. ஆளே வேண்டாம் என்கிற முதலாளியிடம் வேலைநிறுத்தம் பலமில்லாத ஆயுதம்.

1857 உலக வணிக நெருக்கடியில் புரட்சி நெருங்கிவிட்டதென்று மார்க்ஸே எதிர்பார்த்தார். அடுத்த ஆண்டே வியாபாரம் மீண்டுவிட்டது. ஜெர்மனியில் நாஜிகளின் ஓட்டு 1928இல் 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. இடதுசாரிகளின் இரு கட்சிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. அதே மந்தத்தில் அமெரிக்காவில் 1934இல் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்து, 1935இல் சங்க உரிமைச் சட்டம் வந்தது. நம் ஊரிலும் 1960களின் அரிசித் தட்டுப்பாடு 1967இல் ஆட்சியை மாற்றியது. மறுவருசம் டிசம்பர் 25இல், அரைப்படி நெல் கூடக் கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். ஆட்சி மாறினால் களத்துமேடு மாறிவிடாது. "முதலாளித்துவம் முடிந்தது" என்று கூட்டத்தில் முழங்குகிற பேச்சாளரை அழைக்காதீர்கள்.

கோரிக்கையை மாதம் பார்த்து வையுங்கள்

கைவேலை இல்லாத மாதத்தில் விவசாயியிடம் கூலி உயர்வு கேட்பது வீண். அந்த மாதங்களில் கேட்க வேண்டியது அரசிடமும் கடன் கொடுத்தவரிடமும்: வேலை, பாக்கிக் கூலி, தவணை நீட்டிப்பு. வேலை கேட்டு எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். 2005 சட்டப்படி 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டியிருந்தது. ரசீது இல்லாதவருக்கு எந்தச் சட்டத்திலும் ஒன்றும் கிடைக்காது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் சார்ட் பேப்பரின் ஒரு பக்க நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கூலியைக் கேட்கும் நேரம் நடவும் அறுப்பும் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று வாரம். நாற்று முற்றினால் விவசாயிக்கு நஷ்டம், அதனால் பேச உட்காருவார். நூறுநாள் வேலையும் அப்போது நடந்தால் "336 அங்கே இருக்கே" என்று சொல்லும் தைரியம் இருந்தது. புதிய சட்டத்தின் 60 நாள் நிறுத்தம் அந்த வாரங்களின் மேல் சரியாக விழும். எந்தத் தேதிகளில் நிறுத்துகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கி, கூலிப் பேச்சை அதற்கு முந்தைய வாரம் வையுங்கள்.

பேசும்போது பெரு நிலக்காரரையும் மூன்று ஏக்கர் குத்தகைக்காரரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள். குத்தகைக்காரரின் கணக்கைத் தனியாக எடுங்கள். சன்ன ரக நெல்லுக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு மத்திய விலை 2,389, மாநில ஊக்கத்தொகை சேர்த்து 2,545. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்துக் காவல் காக்க வேண்டும். மழை வந்தால் முளைவிடும். இயந்திர வாடகை, உரம், குத்தகை போக அவர் கையில் நிற்பதைப் பார்த்தால், சில கோரிக்கைகளில் அவரும் நம் பக்கம் கையெழுத்துப் போடுவார். கூலியில் போடமாட்டார், அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

எங்கே கெடும்

வட மாநில நடவுக் குழுவைக் காட்டி "இவனுங்களாலதான்" என்ற பேச்சு கணக்கு முடியும் முன்பே வந்துவிடும். பதில் பேச்சில் கொடுக்காதீர்கள். இந்தி தெரிந்த ஒருவரை (வளைகுடாவிலிருந்து திரும்பியவர் எந்தத் தெருவிலும் இருப்பார்) கூட்டிப்போய் அவர்களிடமும் அதே நோட்டை விரியுங்கள்: ஏக்கருக்கு எவ்வளவு பேசினார்கள், ஏஜெண்ட் எவ்வளவு பிடிக்கிறார், ரயில் காசு யார் கொடுத்தது, ஊரில் என்ன கடன். அந்த எண்ணைச் சார்ட் பேப்பரில் நம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஏஜெண்ட் பிடித்தது தெரிந்ததும், ஏக்கருக்கு ஒரே ரேட் என்ற கோரிக்கையை நம் பெண்களே முன்வைப்பார்கள். வட மாநிலக் குழுவை ஊரைவிட்டு விரட்டினால் அடுத்த பருவத்துக்கு வருவது இயந்திரம்.

கூட்டம் நடக்கும் இடம் இன்னொரு கண்ணி. காலனிக் கோயில் திடலில் வைத்தால் குடியானத் தெருக் கூலிக்காரர் வரமாட்டார். மேலத்தெருவில் வைத்தால் காலனிப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். பள்ளிக்கூடமோ ரோட்டோர மரத்தடியோ பாருங்கள், பாய் விரித்து எல்லாரும் தரையில். 25 பேர், ஒன்றரை மணி நேரம். முதலில் எண்களை ஊர்ப் பெண் ஒருவர் வாசிக்கட்டும். வெளியூர்த் தலைவர் வாசித்தால் அது பேச்சாகிவிடும்.

மறுகணக்கு அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே வீடுகளில். பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்க்காதீர்கள். "பூட்டு" என்று எழுதி, எங்கே போனார்கள் என்று அண்டை வீட்டில் கேட்டுச் சிவப்பிலோ நீலத்திலோ குறியுங்கள். நோட்டு இரண்டு பிரதி. ஒன்று கிளையில், ஒன்று ஒன்றியக் குழுவில். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் மட்டும் இரண்டிலும் சேராமல் தனியே இருக்கட்டும்.